குறூப்புக்கு ஒரு சிம்

கடந்த வைகாசியில் ஒரு நாள் தண்ணீர் பவுசர் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. காரைநகரில் குடிக்கத் தண்ணீர் என்றால் பவுசரை எதிர்பார்த்துத்தான். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் சவர்த் தண்ணீர், குளிக்கவே யோசிக்க வேண்டும். ஊர்க் குறூப்பில் எழுதினேன்: “பவுசர் எப்பவும் றோட்டுக் கரையிலேயே முடிஞ்சு போகுது. கிழமையிலை ஒரு நாளாவது கடைசி ஒழுங்கையிலை இருந்து தொடங்கினால் என்ன?” நியாயமான கேள்வி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். குறூப்பில் முந்நூறு சொச்சம் பேர். பாதிப் பேர் ஊரில், மீதிப் பேர் கனடா, லண்டன், பாரிஸ், சூரிச்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. குறூப்பில் வரவில்லை, தனியாக என் போனுக்கு வந்தது. “தம்பி, நீர் இன்னாற்றை மோன்தானே?” என் அப்பாவின் பெயரைப் பிழையில்லாமல் எழுதி, பக்கத்தில் ஒரு கைகூப்பும் படமும் போட்டிருந்தார். பவுசரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அப்பா காலமாகிப் பதினொரு வருடம். அவருடைய பெயரைச் சொன்னால் மிச்சமெல்லாம் ஊருக்குத் தெரியும்: எந்தக் குறிச்சி, என்ன தொழில், கோயில் திருவிழாவில் எந்த உபயம் எங்களுக்கு இல்லை என்பது வரை. நான் கேட்ட கேள்விக்கு அவருடைய பெயர்தான் பதில். அதற்குப் பிறகு நான் அந்தக் குறூப்பில் பிறந்தநாள் வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் மட்டும் போடுகிறேன்.

வலந்தலைச் சந்திக்குக் கிட்ட ஒரு சின்னக் கொமினிக்கேசன் நடத்துகிறேன். போட்டோக் கொப்பி, ரீலோட், சிம், பாஸ்போட் படம். முந்தி வெளிநாட்டுக் கோல் எடுக்க வரிசையில் நின்ற சனம், இப்போது “தம்பி, வட்ஸ்அப் வேலை செய்யுதில்லை, ஒருக்காப் பாரும்” என்று போனை நீட்டுகிறது. ஆகவே இந்தக் கருவிகளோடு எனக்குப் பகை இல்லை. இவற்றால்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. எழுபத்தாறு வயது அம்மா, கணினி என்ற ஒன்றைத் தொட்டே அறியாதவர், ஒவ்வொரு ஞாயிறும் சூரிச்சில் இருக்கும் பேத்தி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு தானும் சாப்பிடுகிறார். இதற்கு முன் எந்தக் கருவியாலும் அது முடிந்ததில்லை. இருந்தும் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. அதைச் சொல்ல 2003ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை; ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. லொறிகளில் சீமெந்தும் ரின் பாலும் வந்தது போலவே கணினிகளும் வந்தன. அடுத்த வருடம் திருநெல்வேலியில் ஒரு நெற் கஃபேயில் வேலைக்குச் சேர்ந்தேன். வயது 21. ஒரு ரெலிபோன் லைன், அதைப் பிரித்து நாலு கணினி, மணித்தியாலத்துக்கு 60 ரூபா. யாகூவைத் திறந்தால் அதன் படங்கள் இறங்குவதற்குள் கால் மணித்தியாலம் போய்விடும்; காசு கொடுத்தவர் என்னைத்தான் முறைப்பார். முதலாளியின் மருமகன் கொழும்பிலிருந்து ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து போட்டார். எம்.ஐ.ஆர்.சி. படம் கிடையாது, வெள்ளைத் திரையில் எழுத்து மட்டும். அந்த நொண்டி லைனில் அது பறந்தது.

அதன் உள்ளே ஓடுவது ஐ.ஆர்.சி. என்ற முறை. 1988 ஓகஸ்டில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினன் என்ற இளைஞர் எழுதியது. உலகெங்கும் இருக்கும் சேவர்களை ஒன்றோடொன்று கோத்து, அவற்றில் அறைகள். அறையின் பெயருக்கு முன்னால் # குறி. இன்று எல்லாவற்றுக்கும் முன்னால் பிள்ளைகள் போடும் அந்தக் கோடுகள் இங்கிருந்து போனவைதான். 2007இல் கிறிஸ் மெசினா என்பவர் ருவிற்றருக்கு அதை முன்மொழிந்தபோது ஐ.ஆர்.சி. அறைகளைத்தான் மனதில் வைத்திருந்தார். இல்லாத அறையின் பெயரைத் தட்டினால் அறை உண்டாகும், முதலில் நுழைந்தவர் அதற்குப் பொறுப்பு. கடைசி ஆள் எழும்பிப் போனதும் அறையே இல்லாமல் போய்விடும். பேசினது எதையும் சேவர் வைத்துக்கொள்ளாது. பதிவு, கடவுச்சொல், நம்பர் என்று ஒன்றும் கேட்காது. ஒரு புனைபெயர் மட்டும் வேண்டும். அதுவும் வேறு ஒருவர் அந்த நேரம் வைத்திருக்காத பெயராக இருந்தால் போதும்.

என் பெயர் ‘பாதை’. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் வாகனத்தையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு ஓடும் மிதவைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். கடற்கோட்டையைப் பார்த்தபடி கொஞ்ச நேரத்தில் அக்கரை. அது பழுதென்றால் பொன்னாலைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய், பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதியைச் சுற்றி வரவேண்டும். அரை நாள் அதிலேயே போய்விடும்.

தமிழ் எழுதுவது பெரும்பாடு. எங்கள் கணினிகளில் இருந்தது பாமினி எழுத்துரு. அதில் ‘காரைநகர்’ என்று அடிக்க எப், எச், ஐ, யூ, ஈ, எப், யூ, அதோடு ஓர் அரைப்புள்ளி. பாமினி இல்லாதவருடைய திரையில் அந்த எட்டும் அப்படியே ஆங்கிலக் குப்பையாக விழும். அதனால் எல்லோரும் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினோம். பிறகு யூனிகோட் வந்து குப்பை ஒழிந்தது, வேறு நெருக்கடி வந்தது. ஐ.ஆர்.சி.யில் ஒரு வரி 512 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு, விசிறிக்கும் குற்றுக்கும் தனித்தனி. ‘காரைநகர்’ 24 பைட்டு. ஆங்கிலத்தில் அதே ஊருக்குப் பத்துப் போதும். எங்கள் ஆட்கள் நீட்டி முழக்கத் தொடங்கினால் வரி பாதியில் அறுந்து, மீதி காற்றில் போய்விடும். இந்த ஒரு கட்டுப்பாட்டை மட்டும் இன்றைய குறூப்புகளுக்கும் யாராவது கொண்டுவந்தால் கும்பிடுவேன்.

அறைக்குள் புதிதாக நுழைபவரிடம் உலகம் முழுக்க ஒரே கேள்விதான் கேட்டார்கள்: வயசு, ஆணா பெண்ணா, எந்த இடம். மூன்றுக்கும் பொய் சொல்லலாம், பலர் சொன்னார்கள். நான் ‘யாழ்ப்பாணம்’ என்றால் அதோடு சரி. அதே யாழ்ப்பாணத்தில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கேட்கும் கேள்வி வேறு. “தம்பி எந்த ஊர்?” “காரைநகர்.” “காரைநகரிலை எவடம்?” இந்த ‘எவடம்’ வழி விசாரிப்பதற்கு இல்லை என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அறையில் அதைக் கேட்க ஆள் இல்லை. கேட்டாலும், “இணுவில்” என்று தட்டிவிட்டுப் போகலாம்.

எங்கள் ஊரில் அரட்டைக்கு இடம் மதகு. பொழுதுபட்டால் பெடியள் மதகில் குந்துவார்கள். வரலாம், இருக்கலாம், எழும்பிப் போகலாம். ஐ.ஆர்.சி. அறையும் மதகுதான். ஆனால் ஊர் மதகில் எவன் எவருடைய மகன் என்பது குந்துவதற்கு முன்னரே தெரியும். இன்னொன்று, ஊர் மதகில் ஒரு பெண் குந்தி நான் கண்டதில்லை. கஃபேக்குப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வருவார்கள். மூலைக் கணினியில் இருந்து, ஆண் பெயரோ பூச்சியின் பெயரோ போட்டுக்கொண்டு, பேராசிரியர்கள் முதல் பேச்சுவார்த்தை வரை வெளுத்து வாங்குவார்கள். கணினியை மூடிவிட்டுப் பையைத் தூக்கித் தோளில் போட்டு, குனிந்த தலையோடு சைக்கிளில் ஏறுவார்கள். காசு வாங்கிப் போடும் எனக்கு மட்டும் தெரியும், சற்று முன் அறையைக் கலக்கிய ‘தும்பி’ யாரென்று. நான் வாய் திறந்ததில்லை.

‘ஒடியல்’ என்று ஒருவர். ஆணா பெண்ணா இன்றுவரை தெரியாது. ரொறன்ரோ என்று சொன்னார். இரண்டு வருடம் கிட்டத்தட்ட ஒவ்வொரு இரவும் சண்டை: கூழுக்கு எந்த மீன், ஏ9 எத்தனை நாளைக்குத் திறந்திருக்கும், பனங்கிழங்குக்கு மிளகாய் வேண்டுமா. சில இரவுகளில், பேசிக்கொண்டிருக்கும்போதே “கரண்ட் நிண்டிட்டுது” என்று அரைகுறையாக ஒரு வரி விழும், ஆள் மறைந்துவிடும். ரொறன்ரோவிலும் ஒரு தடவை கரண்ட் நின்றது உண்மை; 2003 ஓகஸ்ட் 14இல் வட அமெரிக்காவின் பெரும்பகுதியோடு சேர்ந்து அந்த நகரமும் இருண்டது. ஒடியலுக்கோ கிழமைக்கு ரெண்டு தரம் நின்றது. நான் கேட்கவில்லை. அடுத்த றோட்டுக் கஃபேயில் இருந்திருக்கலாம். எங்கள் கஃபேயிலேயே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். கிளிநொச்சியிலும் இருந்திருக்கலாம்.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 பூட்டப்பட்டது. ஊரடங்கு, லைன் இல்லை, சாமான் இல்லை. கஃபே மூடிவிட்டது. பல மாதம் கழித்து வேறோர் இடத்தில் இருந்து அறைக்குள் எட்டிப் பார்த்தேன். நாலைந்து பேர் புதுப் பெயர்களோடு எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒடியல் இல்லை. 2009இலும் தேடினேன். யாரிடம் போய் என்ன பெயரைச் சொல்லிக் கேட்பது? நம்பர் இருந்திருந்தால் ஒரு சாம்பல் ‘ரிக்’காவது எதையாவது சொல்லியிருக்கும். புனைபெயரைப் புகழ்பவர்கள் இந்தக் கணக்கை மறைக்கக்கூடாது. அந்தக் கணக்கில் எனக்கு ஓர் ஆள் பாக்கி.

பழைய அறைகள் வேறு விதத்திலும் கேவலமாக இருந்தன. பெண் பெயரில் ஒருவர் நுழைந்தால் தனித் தகவல்கள் ஈயைப் போல் மொய்க்கும். பொறுப்பாளர் பதவி கிடைத்த பொடியன் அரைமணி நேரத்தில் சர்வாதிகாரி ஆவான். எழுதுவதெல்லாம் மூடாமல் வெறுமையாகவே லைனில் போகும். கஃபே முதலாளி நினைத்தால் வாசிக்கலாம். அந்தக் காலத்தில் அது சின்னப் பயம் இல்லை. இந்த விடயத்தில் வட்ஸ்அப் எவ்வளவோ மேல்: 2016 ஏப்ரலில் இருந்து அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர வேறு யாரும் வாசிக்க முடியாதபடி எல்லாத் தகவலையும் பூட்டித்தான் அனுப்புகிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது தபாற்காரனுக்குத் தெரியாது. ஆனால் உறைக்கு மேலே, அனுப்பினவன் எவருடைய மகன் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

இதில் எனக்குச் சிரிப்பு வருவது ஒன்று உண்டு. வட்ஸ்அப்பைத் தொடங்கிய ஜான் கூம் உக்ரேனில் பிறந்து, பதினாறு வயதில் தாயோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். இளைஞனாக அவர் பழகித் திரிந்த இடம் ஐ.ஆர்.சி.; அதிலே ‘வூவூ’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கணினிக் குழுவில் இருந்தார். புனைபெயர் அறையில் வளர்ந்த அதே மனிதர்தான் 2009இல், பயனர்பெயரும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம், போன் நம்பர் போதும் என்று ஒரு கருவி செய்தார். போனில் ஏற்கனவே இருக்கும் நம்பர் புத்தகமே உறவு வலை. கெட்டித்தனமான யோசனை. அது இல்லாவிட்டால் என் அம்மா பேத்தியைக் கண்டிருக்க மாட்டார். 2014இல் பேஸ்புக் 19 பில்லியன் டொலர் விலை பேசியதும் அந்த நம்பர் புத்தகங்களுக்காகத்தான் என்பது என் அபிப்பிராயம்.

கூம் நினைத்திருப்பார், நம்பர் என்றால் நம்பர் மட்டும்தான் என்று. இங்கே ஒரு சிம் எடுக்க அடையாள அட்டை வேண்டும். அந்தக் கொப்பியை எடுத்துக் கொடுப்பவனே நான்தான். நம்பருக்குப் பின்னால் அடையாள அட்டை, அடையாள அட்டைக்குப் பின்னால் விலாசம், விலாசத்துக்குப் பின்னால் குறிச்சி. கலிபோர்னியாவில் ஒருவர் கடவுச்சொல்லை மிச்சம் பிடிக்கப் போய், காரைநகரில் ‘எவடம்?’ என்ற கேள்வியைத் தானியங்கி ஆக்கிவிட்டார். இப்போது கேட்கத் தேவையே இல்லை. எழுதும்போதே நம்பர் தெரிகிறது. மூன்று பேரிடம் விசாரித்தால் தகப்பன் பெயர் வருகிறது.

குறூப்பை விட்டுப் போகலாமே என்பார்கள். 2022இல் இருந்து சத்தமில்லாமல் போக வசதி உண்டு, அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு. ஆனால் அந்த அட்மின் உங்கள் சித்தப்பா. மதகிலிருந்து எழும்பிப் போனால் வீட்டுக்குப் போகிறான் என்று அர்த்தம். குறூப்பிலிருந்து எழும்பிப் போனால் கோபம் என்று அர்த்தம், அடுத்த கலியாணத்துக்குக் காட் வராது. ஆகவே எல்லோரும் சத்தத்தை நிறுத்திவிட்டு உள்ளேயே இருக்கிறார்கள்.

பிரச்சினை வம்பளப்போடு நின்றிருந்தால் நான் இதை எழுத மினக்கெட்டிருக்க மாட்டேன். இப்போது ஊரின் காரியங்களும் அங்கேதான் நடக்கின்றன. பவுசர் எத்தனை மணிக்கு, கரண்ட் எப்போது நிற்கும், பாதை இன்றைக்கு ஓடுமா, கிளினிக் எந்த நாள்: எல்லாம் ஏதோ ஒரு குறூப்பில். முந்தி இவை சந்தியில் ஒட்டப்படும், அல்லது லவுட்ஸ்பீக்கரில் போகும். மின்கம்பத்து மரண அறிவித்தலை வாசிக்க யாரும் அடையாள அட்டை காட்டியதில்லை. இன்றைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று அறிய ஒரு பெண் தன் நம்பரை முந்நூறு பேருக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு பிள்ளை கடைக்கு வந்தாள். இருபது வயது மதிப்பு. “அண்ணை, குறூப்புக்கெண்டு ஒரு சிம் வேணும்” என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. ஊர்க் குறூப்பில் சேர்ந்து மூன்றாம் நாளில் இருந்து இரவில் மிஸ்ட் கோலாம், தெரியாத நம்பர்களில் இருந்து ‘ஹாய்’யாம். தகப்பனுக்குச் சொன்னால் போனே பறிபோகும். வெளியேறினால் ரியூசன் நேர மாற்றமும் தெரியாமல் போகும். அதனால் தன் சொந்த நம்பரைச் சிநேகிதிகளோடு வைத்துக்கொண்டு, ஊருக்கு வேறொரு நம்பர். அவள் கொண்டுவந்த அடையாள அட்டையைக் கொப்பி எடுத்தேன். நாங்கள் ஒரு சொல்லைத் தட்டிப் பெற்றுக்கொண்ட அதே பொருளுக்கு இந்தப் பிள்ளை காசும் கொடுத்து அடையாள அட்டையும் காட்டுகிறாள். இவளுக்குப் பிறகு, அதே கிழமையில் இன்னும் இருவர் வந்தார்கள்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. வட்ஸ்அப்பிலேயே 2023இல் இருந்து ‘சனல்’ இருக்கிறது. பின்தொடர்பவருடைய நம்பர் மற்றவருக்குத் தெரியாது. ‘கொம்யூனிற்றி’யின் அறிவித்தல் பகுதியிலும் உறுப்பினர் நம்பர் ஒருவருக்கொருவர் மறைவு. ரெலிகிராமில் புனைபெயர் வெகுகாலமாக உண்டு. சிக்னல் 2024இல் நம்பரை மறைக்க வழி செய்தது. பவுசர், பாதை, கரண்ட், கிளினிக் இந்த நாலையும் குறூப்பிலிருந்து எடுத்துச் சனலில் போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. செலவு கிடையாது, அரை மணித்தியால வேலை. பொறுப்பான இடத்தில் இருக்கும் ஒருவரிடம் நானே போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப ஆர் ஆர் பாத்தது எண்டு எங்களுக்குத் தெரியாதே?” என்றார். அது தெரியாமல் இருக்கத்தானே ஐயா கேட்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. எனக்கும் கடை நடக்க வேண்டும்.

அதுவரைக்கும் கடை வாசலில் ஒரு கரும்பலகை வைத்திருக்கிறேன். “பாதை ஓடேல்லை”, “பவுசர் 4 மணி” என்று எழுதிவிடுவேன். சைக்கிளை நிறுத்தாமலே வாசித்துக்கொண்டு போகிறார்கள். யார் வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பிள்ளை சிம்மைப் போட்டு, கடைக்குள் நின்றபடியே வட்ஸ்அப்பைத் திறந்தாள். பெயர் கேட்டது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு முற்றுப்புள்ளியை மட்டும் வைத்தாள். படத்துக்குக் கசூரினாக் கடற்கரை. ‘ஒடியல்’ என்று வைத்தால் என்ன என்று கேட்க நினைத்தேன். அவளுக்கு ஒன்றும் விளங்கியிராது. இரண்டாம் நாள் காலை கடையைத் திறந்துவிட்டுப் போனைப் பார்த்தேன். ஊர்க் குறூப்பில், யாரோ ஒருவருடைய அறுபதாம் கலியாண வாழ்த்துகளுக்கு நடுவில், புதிதாகச் சேர்ந்த ஒரு நம்பரைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். கீழே ஒரு வரி: “இது ஆற்றை நம்பர்?”